குதிரைக்கு ஃப்ரோசன் செமன் (உறைய வச்ச விந்து) போடறதுக்கு முன்னாடி இதப் படிங்க

பொலிகுதிரை ஃபோட்டோவ பார்த்துட்டு உடனே காசு கட்டிடாதீங்க, முதல்ல நம்ம பெட்டைய பாருங்க, 15 வயசுக்கு மேல இருந்தாலோ இதுவரைக்கும் குட்டியே போடாத வயசான பெட்டையா இருந்தாலோ ஃப்ரோசன்ல சினை நிக்கிற சான்ஸ் ரொம்ப குறையும். ஃப்ரெஷ் விந்து பெட்டை உடம்புக்குள்ள ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும், உருக்கின விந்து கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான், அதனால முட்டை வெளிய வர்ற நேரத்த பிடிக்கணும், டாக்டர் 6 மணி நேரத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பண்ணுவாரு, நடுராத்திரி கூட. அதுக்கு வர்ற டாக்டர் பக்கத்துல இல்லேன்னா இந்த வேலையே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

விக்கிறவர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க: உருக்கின பிறகு எத்தனை சதவீதம் நேரா நீந்துது (30க்கு கீழன்னா யோசிங்க), ஒரு டோஸுக்கு எத்தனை ஸ்ட்ரா (விந்து அடைச்ச சின்னக் குழாய்), இதே ஃப்ரோசன்ல எத்தனை பெட்டை சினை ஆயிருக்கு. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல இருந்து எடுத்த அரை மில்லி ஸ்ட்ராவ 37 டிகிரி தண்ணில 30 செகண்ட் வைக்கிறதுதான் வழக்கம், ஆனா அவங்க எழுதிக் கொடுத்த முறைய மாத்தாதீங்க. விந்து போட்ட மறுநாள் கர்ப்பப்பைல நீர் தேங்கியிருக்கான்னு ஸ்கேன்ல பார்க்கச் சொல்லுங்க, 14-16 நாள்ல சினையா, இரட்டையான்னு பார்த்துடணும். ஆங், ரேஸ் ஓடற தரோப்ரெட் இனம்னா இந்தப் பேச்சே கிடையாது, செயற்கை முறைல பிறந்த குட்டிய பதிவு பண்ணவே மாட்டாங்க.