முகாமுக்கு வந்தவர் கணக்கும் மருந்தில் நிற்பவர் கணக்கும்: சுகாதார அறக்கட்டளை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றி இலவச மருத்துவ முகாம் நடக்காத ஞாயிற்றுக்கிழமை குறைவு. செல்லூரில் ஒரு சமுதாயக் கூடம், மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம் என்று எங்காவது பந்தல் போட்டிருக்கும். ஆண்டறிக்கையில் ‘பயனடைந்தோர்’ என்று ஒரு பெரிய எண் ஏறும். அந்த எண்ணை நம்புவதுதான் முதல் தவறு. பி.பி.யும் சர்க்கரையும் வருஷக்கணக்கில் மாத்திரை கேட்கிற நோய்கள். விரலைக் குத்தி, அளவைச் சொல்லி, அனுப்பிவைத்தால் வீட்டுக்குப் போவது பயம் மட்டும்தான்.

நிர்வாகக் குழு கேட்க வேண்டிய கணக்கு வேறு. முகாமில் அளவு கூடுதலாக இருந்தவர்கள் எத்தனை பேர், மறுபரிசோதனையில் நோய் உறுதியானவர்கள் எத்தனை பேர், மருந்து தொடங்கியவர்கள் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்து பி.பி. 140/90-க்குக் கீழே இருப்பவர்கள் எத்தனை பேர். ஆட்கள் எந்தப் படியில் உதிர்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி தவறுகள் தெரிந்துவிடும்.

நாளும் நேரமும்

ஞாயிறு காலை பத்து மணி என்பது டாக்டருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் தோதான நேரம். மல்லிகைத் தோட்டத்தில் விடியும் முன்பே பறிப்பு தொடங்கிவிடும். பூ மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போகாவிட்டால் விலை கிடைக்காது. பத்து மணிக்குப் பூப்பறிக்கும் பெண்களுக்கு அடுத்த வேலை காத்திருக்கும். கொத்தனார், சித்தாள் வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்கு மேல்தான். தை அறுவடையிலும் சித்திரைத் திருவிழா வாரத்திலும் முகாம் போட்டால் காலி நாற்காலிகளுக்குத்தான் வாடகை கட்ட வேண்டியிருக்கும்.

வார நாளில் வைப்பதானால் செவ்வாயையும் புதனையும் விட்டுவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு. கிராம சுகாதார செவிலியர் வரமுடியாத முகாமில் கண்டுபிடித்த நோயாளியை யாரிடம் ஒப்படைப்பீர்கள்?

இன்னொன்று ஆபத்தானது. வெறும் வயிற்றில் வரச் சொல்லிவிட்டு, விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்வரை எல்லோரையும் உட்கார வைப்பது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தவருக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கமே வரலாம். நோட்டீஸிலேயே தெளிவாக அச்சடியுங்கள்: ‘காலை சர்க்கரை மருந்தைப் போடாமல் கையில் கொண்டுவரவும். ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம்.’ ரத்தம் எடுப்பது ஏழிலிருந்து எட்டரைக்குள் முடியட்டும். ஆளுக்கு நாலு இட்லி கொடுங்கள். பொன்னாடை, பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நடந்தாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

அளவு தப்பினால் எல்லாம் தப்பும்

வரிசையில் நின்றவரை அப்படியே நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பி.பி. பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இப்படி எடுத்தால் இல்லாத பி.பி. பலருக்கு வரும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கால் தரையில் பதிந்திருக்க வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டை வெறும் தோலில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி, வெற்றிலை-புகையிலை கூடாது. ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு ஏறும். ஆகவே பெரிய பட்டை ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று முத்திரை குத்த வேண்டாம், வேறொரு நாளும் பார்க்க வேண்டும். 180/110 தாண்டினால் அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைத் தாங்காதவை. மதுரைச் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் டப்பா கிடந்தால் அன்றைய அளவுகள் எதையும் நம்ப முடியாது. டப்பா மூடி திறந்தே கிடந்தாலும் ஈரம் கோத்துக் கெட்டுவிடும். மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய இனிப்பே அளவை ஏற்றிவிடும். சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு குத்த வேண்டும்.

பதிவேடும் பரிந்துரையும்

இங்கேதான் அதிகம் பேர் தொலைந்துபோகிறார்கள். பெயர், வயது, ஊர் என்று மூன்றே கட்டம் போட்ட பதிவேட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து ஊருக்குள் போய்ப் பாருங்கள். ‘பாண்டியம்மாள், 52’ என்றால் எந்தப் பாண்டியம்மாள் என்று கேட்பார்கள். கணவர் அல்லது தகப்பனார் பெயர், வீட்டுக்கு அடையாளம், ஊரில் வழங்கும் பட்டப்பெயர் மூன்றும் வேண்டும். போன் நம்பர் எழுதும்போது அது யாருடைய போன் என்றும் எழுதுங்கள். பல நேரம் அது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். அவனுக்கு அடித்தால் அம்மாவுக்குச் செய்தி போக ஒரு வாரம் ஆகும். கடைசிக் கட்டம் இரண்டு: அடுத்து பார்க்க வேண்டிய தேதி, பார்க்கப் போகிற பணியாளர் பெயர். இந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் மாதம் ஒருமுறை நிர்வாகி உட்கார்ந்து பார்த்தால் போதும்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா” என்று சொல்வது பரிந்துரை ஆகாது. அரசு ராஜாஜி மருத்துவமனைக்குள் முதன்முறை நுழைகிறவருக்கு எந்தக் கட்டடம், எந்தப் பிரிவு, சீட்டு எங்கே போடுவது என்று எதுவும் தெரியாது. விசாரித்து முடிப்பதற்குள் புறநோயாளிகள் நேரம் முடிந்துவிடும். அன்றைய கூலி போச்சு, கூட வந்தவர் கூலியும் போச்சு. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான். உசிலம்பட்டியிலிருந்து புறநகர்ப் பஸ்ஸில் வந்தால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். துணைக்கு வரும் ஆணுக்கு எந்தப் பஸ்ஸிலும் டிக்கெட் உண்டு. ஆக, பரிந்துரைச் சீட்டில் பிரிவின் பெயர், போக வேண்டிய நாள், என்ன சந்தேகத்தில் அனுப்புகிறீர்கள், முகாமில் எடுத்த அளவுகள் எல்லாம் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் உங்கள் பணியாளர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, அன்று வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போகட்டும். ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் குறைந்தால் இந்தச் செலவில் கொஞ்சம் தேறும்.

இதற்கு வெளியூரில் பாடம் தேட வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் முகாமில் கண்டறியப்பட்ட பலர் வரவில்லை என்பதை ஆரம்பத்திலேயே கண்டது. பஸ் காசு, சாப்பாடு, போன கூலி, துணைக்கு ஆள், கத்தி வைப்பார்களே என்ற பயம் எல்லாம் தடையாக நின்றன. முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப்போய், தங்க வைத்து, சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, ஊரிலேயே கொண்டுவந்து விடும் முறை அப்படித்தான் வந்தது.

மாத்திரை

முகாமில் பத்து நாள் பி.பி. மாத்திரை கொடுத்தால் பதினோராம் நாள் நின்றுவிடும். மாதாமாதம் கொடுக்க உங்களால் முடியாதென்றால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிடுவதே நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. இதை மறந்து நீங்களும் கொடுத்தால் வேறொரு ஆபத்து: ஒரே மருந்து இரண்டு பெயரில், இரண்டு நிறத்தில் வீட்டில் இருக்கும், இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை இரட்டிப்பானால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வீட்டிலுள்ள அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் கொட்டி, மருந்தின் மூலப்பெயரைப் பார்த்த பிறகே டாக்டர் எழுத வேண்டும்.

நன்கொடையாக வரும் மருந்தில் கறாராக இருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. மூன்று மாதத்தில் முடியப்போகும் பெட்டிகளை அன்போடு வாங்கி அடுக்கினால், அப்புறப்படுத்தும் செலவும் உங்கள் தலையில் விழும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் இருமல் டானிக் கொடுத்து அனுப்பாமல் சளிப் பரிசோதனைக்கு வழி செய்யுங்கள். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவரா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கல்தூசியால் வரும் நுரையீரல் நோய் காசநோய் போலவே தோற்றம் காட்டும். காசநோய் வரும் வாய்ப்பையும் அதுவே கூட்டும்.

காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அட்டைக்கு அலைவதுதான் எங்கும் நடக்கிறது. வருமானச் சான்றுக்கே நாளாகும். பெரும் சிக்கல் ரேஷன் கார்டில் இருக்கும்: அம்மா மூத்த மகன் வீட்டில் இருப்பார், பெயர் இளைய மகன் கார்டில் இருக்கும், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. வீடு வீடாகப் போகும்போதே ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து, பெயர் விடுபட்டவர்களைத் தனியாகக் குறித்து, நோய் வரும் முன்பே சரிசெய்யுங்கள்.

பணம்

நன்கொடையாளருக்கு ஆம்புலன்ஸும் ஸ்கேன் கருவியும் பிடிக்கும், பெயர் எழுதலாம். ஓட்டுநர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) செலவு யார் கொடுப்பார்கள் என்று கேட்காமல் வாங்கிய வண்டிகள் வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்க்கலாம். மூன்றாண்டு ஓட்டச் செலவும் சேர்ந்து வந்தால் மட்டும் கருவியை ஏற்றுக்கொள்ளுங்கள். களப்பணியாளர் சம்பளத்தை நிர்வாகச் செலவில் ஒளிக்காமல், நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும் திட்டச் செலவாக நேராகக் காட்டுங்கள்.

ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்று வழங்குவது) கிடைக்காது; ரசீது போடும் முன் சொல்லிவிடுங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதிக்கு சி.எஸ்.ஆர்-1 என்ற படிவத்தில் பதிவு வேண்டும். வெளிநாட்டு நிதி வாங்குகிறவர்கள், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிதியில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடாது, இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. கிராமத்திலுள்ள சின்ன அமைப்புக்கு உதவுவோமே என்று நல்லெண்ணத்தில் மாற்றிக் கொடுத்தால் பதிவே போய்விடும்.

பயனாளி படத்தை முகத்தோடும் நோயோடும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எச்.ஐ.வி., காசநோய் விஷயத்தில் அது ஒரு குடும்பத்தின் கல்யாணப் பேச்சையே நிறுத்திவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் பாலியல் துன்புறுத்தலுக்கான உள்ளகப் புகார்க் குழு சட்டப்படி கட்டாயம்.

ஒரு நாள் முகாமுக்கும் மருத்துவக் கழிவு விதிகள் (2016) பொருந்தும். ஊசிகளும் விரல் குத்தும் லான்செட்டுகளும் குத்திக் கிழிக்க முடியாத வெள்ளைக் கலனில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், 48 மணி நேரத்துக்குள் அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த ஆஸ்பத்திரி வழியாக அனுப்புவது என்பதைப் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.