நிறத்தைக் காட்டி விற்கும் விளம்பரங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மக்கள் கேட்பதைத்தானே விற்கிறோம்?" சிவப்பழகு கிரீம் விற்பவர்கள் முதலில் சொல்லும் சமாதானம் இதுதான். முதல் தவறும் இதுதான். கறுப்பு நிறத்தின் மேல் இருக்கும் இளக்காரத்தை விளம்பரம் உண்டாக்கவில்லை, உண்மை. ஆனால் அதைத் தினமும் வீட்டுக்குள் கொண்டுவந்து, பத்து வயதுப் பெண்ணின் மனதில் ஏற்றுவது விளம்பரம்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. அதன் பழைய விளம்பரம் ஒன்றில், மகன் பிறக்கவில்லையே என்று அப்பா புலம்புவார். மகள் கிரீம் பூசி, நிறம் மாறி, விமானப் பணிப்பெண் ஆவாள். நிற வெறுப்பும் ஆண்பிள்ளை ஆசையும் ஒரே கதையில்! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடிய பிறகு, 2003-ல் அது நிறுத்தப்பட்டது. கறுப்பாக இருப்பவரை அழகற்றவராக, வேலையோ வரனோ கிடைக்காதவராகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் விதி வகுத்ததோ 2014-ல்தான்.

ஆண்களுக்கும் விற்றால் சமத்துவம் என்று நினைப்பது அடுத்த தவறு. 2005-ல் இமாமி ஆண்களுக்கென ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கொண்டுவந்தபோது, பெண்களின் தாழ்வு மனப்பான்மை ஆண்களுக்கும் பங்கு வைக்கப்பட்டது, அவ்வளவே. பெயரை மட்டும் மாற்றுவதும் போதாது. அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிரான போராட்டங்கள் வெடித்த 2020-ல், ஃபேர் அண்ட் லவ்லி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. உள்ளே விற்பது பழைய ஆசைதான் என்றால், டப்பாவின் மேல் எது எழுதியிருந்தால் என்ன?

பெரிய நிறுவனங்களை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. நம் ஊர்த் துணிக்கடை, நகைக்கடை பேனர்களைப் பாருங்கள். கடைக்கு வரும் பெண்களின் நிறத்தில் ஒரு முகமாவது இருக்கிறதா? மாநிறமான மாடலை எடுத்தாலும், போட்டோவில் வெளுக்க வைத்துத்தான் அச்சுக்கு அனுப்புகிறார்கள். இதைக் கடைக்காரர் நினைத்தால் நாளைக்கே நிறுத்தலாம்.

சேமிப்புத் திட்ட விளம்பரங்களில் "மகன் படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு" என்று எழுதும் பழக்கமும் அப்படித்தான். மகள் படிப்புக்கு என்று எழுதினால் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

நடிப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பெரிய தொகை கிடைக்கும் என்று தெரிந்தும், சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் நடிக்க மாட்டேன் என்று சாய் பல்லவி மறுத்தார். விளம்பரம் எழுதுகிறவர்களுக்கும் அப்படி மறுக்கும் உரிமை இருக்கிறது.