டிரெய்லர் படகுக்கு ஆன்டிஃபவுலிங் பெயின்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

படகின் அடியில் பாசியும் கடல் உயிரினங்களும் ஒட்டாமல் தடுப்பதுதான் ஆன்டிஃபவுலிங் பெயின்ட். கடையில் இருப்பவற்றில் பல, மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் படகுகளுக்காகச் செய்யப்பட்டவை. இழுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கும் டிரெய்லர் படகின் நிலைமை வேறு. கொஞ்ச நாள் தண்ணீரில் மிதக்கும், அப்புறம் வாரக்கணக்கில் வெயிலில் காயும். ஏற்றி இறக்கும்போதெல்லாம் அதன் அடிப்பகுதி டிரெய்லரின் தாங்குபலகையோடு உரசும். எனவே நமக்கு வேண்டியது, காய்ந்தாலும் சக்தி போகாத, உரசினாலும் உதிராத பெயின்ட். டின்னைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

படி 1: பெயின்ட் தேவையா என்று முடிவு செய்யுங்கள்

காலையில் இறக்கி மாலையில் ஏற்றுகிற படகு என்றால் பெயின்ட் அடிக்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தண்ணீரில் இறங்கிய சில மணி நேரத்திலேயே வழுவழுப்பான ஒரு படலம் படியத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் கரையேற்றிய உடனே நல்ல தண்ணீர் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் அது போய்விடும். கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடல் உயிரினம்) ஒட்டிக் கூடு கட்டி இறுகுவதற்கு அதைவிட அதிக நாட்கள் வேண்டும். ஒருமுறை பெயின்ட் அடித்துவிட்டால் அதைச் சுரண்டி எடுப்பது பெரிய வேலை. வழவழப்பான அடிப்பகுதியின் வேகமும் கொஞ்சம் குறையும்.

தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் தண்ணீரில் விட்டு வைப்பீர்களா? அப்படியானால் தொடர்ந்து படியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் எல்லாமே சீக்கிரம் வளரும் என்பதால் அங்கே அந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெயின்ட் வகையைப் புரிந்துகொள்ளுங்கள்

தேர்வின் முக்கியமான இடம் இதுதான்.

பெரும்பாலான பெயின்ட்களில் செம்புச் சேர்மம் ஒன்று இருக்கும். அது மெதுவாகக் கரைந்து வெளியேறி, உயிரினங்கள் ஒட்டாமல் தடுக்கும். எப்படி வெளியேறுகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

கடின வகையில் பெயின்ட் படலம் அப்படியே நிற்கும். உள்ளிருக்கும் செம்பு மட்டும் கரைந்து வெளியே வரும். உரசலை நன்றாகத் தாங்கும். ஆனால் படகைக் கரையேற்றிக் காற்றில் நாட்கணக்கில் விட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து மாறிவிடும், பெயின்டின் சக்தி குறைந்துவிடும். பல கடின பெயின்ட்களுக்கு, அடித்த பிறகு இத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

தேயும் வகை குளியல் சோப்பு மாதிரி. தண்ணீர் பட்டு மேல்படலம் கரையக் கரைய, அடியிலிருந்து புதிய படலம் வெளிப்படும். இதிலும் இரண்டு தரம் இருக்கிறது. மென்மையான பழைய வகை தாங்குபலகையில் பட்டாலே தீற்றலாக ஒட்டிக்கொள்ளும், விரைவுப் படகில் சீக்கிரமே தேய்ந்தும் போகும். கோபாலிமர் வகை கட்டுப்பாட்டோடு தேயும். கரையில் நெடுநாள் காய்ந்த பின்பும் மறுபடி தண்ணீரில் இறக்கினால் பலவும் வழக்கம்போல வேலை செய்யும்.

சரி, எதை வாங்குவது? டிரெய்லர் படகுக்கு என் தேர்வு, சற்றுக் கடினமாகக் காயும் கோபாலிமர் வகை. டின்னில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: அடித்ததிலிருந்து இறக்கும் வரை அதிகபட்சம் எவ்வளவு நாள் விடலாம், கரையேற்றிய படகை மறுபடி பெயின்ட் அடிக்காமல் இறக்கலாமா. இரண்டாவதற்குத் தெளிவான 'ஆம்' இல்லாவிட்டால் அந்த டின்னைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

படி 3: படகு எதனால் ஆனது என்று பாருங்கள்

ஃபைபர் படகுக்கு எந்த வகையும் சரி. அலுமினியப் படகுக்கு மட்டும் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம் கலந்த பெயின்ட் கூடவே கூடாது. உப்புநீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் மின்கலம் உருவாகி, அலுமினியம் அரித்துக் குழி விழும். அடியில் பிரைமர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஒரு கீறல் போதும். டிரெய்லர் படகில் கீறல்களுக்கா பஞ்சம்? காப்பர் தயோசயனேட் என்ற வேறொரு செம்புச் சேர்மம் உள்ளதையோ, செம்பே இல்லாததையோ, அலுமினியத்துக்கு ஏற்றது என்று டின்னில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஃபைபர் படகுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எஞ்சினின் தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி பெரும்பாலும் அலுமினியம். அதைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டே செம்பு பெயின்ட் அடியுங்கள்.

படி 4: தண்ணீரும் விதிகளும்

நன்னீரில் முக்கியத் தொல்லை வழுவழுப்பும் பாசியும். கொட்டலசு கடலின் தொல்லை. ஏரிக்கு மட்டும் போகும் படகுக்குச் செம்பு குறைந்த பெயின்டே பெரும்பாலும் போதும். சில நீர்நிலைகளில் செம்புக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் முதலில் விசாரித்துவிடுங்கள். பழைய டின் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். டிரைபியூட்டைல்டின் என்ற நச்சுப்பொருள் கலந்த பெயின்ட்களைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு 2008-ல் நடைமுறைக்கு வந்தது. கடல்நத்தைகளின் இனப்பெருக்கத்தையே குலைத்த பொருள் அது.

படி 5: பழைய பெயின்டைச் சோதியுங்கள்

பழைய படகு என்றால் ஈரத்துணியால் அடிப்பகுதியை அழுத்தித் துடையுங்கள். துணியில் நிறம் நன்றாக ஏறினால் அது பெரும்பாலும் தேயும் வகை. அதன்மேல் கடின வகை நிற்காது, அடியோடு உரிந்து வரும். கடினத்தின்மேல் தேயும் வகையை, உப்புத்தாள் போட்டபின் பொதுவாக அடிக்கலாம்.

படி 6: எவ்வளவு வாங்குவது?

நீளம் × அகலம் × 0.85 என்று பெருக்கினால் அடிப்பரப்பு தோராயமாகக் கிடைக்கும். 5.5 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம் என்றால் ஏறக்குறைய 10 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 20. ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று டின்னில் இருக்கும், வகுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: அடிக்கும்போது

முதலில் மெழுகை நீக்கும் திரவத்தால் துடையுங்கள், அதற்குப் பிறகே 80-ஆம் எண் உப்புத்தாள். வரிசை மாறினால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும், பெயின்ட் பிடிக்காது. பழைய பெயின்டை ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நச்சு, முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

செம்பு கனமானது, டின்னின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். குச்சியால் அடிவரை சுரண்டிக் கலக்குங்கள். மேலே தெளிந்ததை மட்டும் அடித்தால் வெறும் நிறம்தான் பூசியிருப்பீர்கள். மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தாம் அரிந்து அவற்றைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள்மேல் பெயின்ட் படவே கூடாது.

தாங்குபலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடங்களுக்கு, படகைக் கட்டைகள்மேல் உறுதியாக நிறுத்தி, சற்று நகர்த்தி அடியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். அந்த இடங்களிலும் முன்விளிம்பிலும் ஒரு கோட் கூடுதலாகக் கொடுங்கள். டின்னில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிட்ட பிறகே படகைப் பலகையில் இறக்குங்கள்.

முதல் கோட் சிவப்பாகவும் அடுத்தது நீலமாகவும் இருக்கட்டும். நீலத்தின் நடுவே சிவப்பு தெரியத் தொடங்கினால் அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் பலகை உரசும் கோடுகளில்தான் முதலில் தெரியும். அங்கே மட்டும் லேசாகத் தேய்த்து மறுபடி அடித்தால் போதும்.