வக்கீல் பீஸ் கட்டும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

அறிவுசார் சொத்துரிமை (காப்புரிமை எனும் பேட்டன்ட், வணிகக் குறி எனும் டிரேட்மார்க் போன்றவை) என்றதுமே 'அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்' என்று ஒதுங்கிவிடுபவர்கள் ஒரு ரகம். கண்ணில் பட்டதையெல்லாம் நாடு நாடாகப் பதிவு செய்துவிட்டு, ஆண்டுக் கட்டணம் கட்ட முடியாமல் விழிப்பவர்கள் இன்னொரு ரகம். இரு தரப்புமே கோட்டைவிடுவது பெரும்பாலும் காசு செலவில்லாமல் செய்திருக்கக் கூடிய வேலைகளில்தான்.

முதல் தவறு, வாயை அடக்காதது. காப்புரிமை வேண்டுமென்றால், விண்ணப்பிக்கும் நாள்வரை அந்தக் கண்டுபிடிப்பு உலகில் எங்குமே வெளியாகியிருக்கக் கூடாது. அந்த 'எங்குமே' என்பதில் உங்கள் சொந்த மேடைப்பேச்சும் அடக்கம். கருத்தரங்கில் இயந்திரத்தின் உள்ளமைப்பை ஒரு ஸ்லைடில் காட்டுகிறீர்கள். யாரோ செல்போனில் படமெடுத்து அன்று மாலையே இணையத்தில் போட்டுவிடுகிறார். மறுவாரம் ஐரோப்பாவில் விண்ணப்பித்தால், உங்கள் ஸ்லைடே உங்களுக்கு எதிரான சாட்சி. அமெரிக்காவில், வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. அதை நம்பிப் பேசிவிட்டு மற்ற பல நாடுகளில் உரிமை கேட்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. முதலில் விண்ணப்பம், பிறகு விளம்பரம். அவசரமாக யாருக்காவது காட்டியே ஆகவேண்டுமென்றால், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டுங்கள்.

இன்னொன்று, முதல் நாளே எல்லா நாட்டுக்கும் ஓடுவது. 1883-இல் உருவான பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டில் விண்ணப்பித்தால் மற்ற உறுப்பு நாடுகளில் அந்த முதல் விண்ணப்பத்தின் தேதியையே கோர 12 மாத அவகாசம் இருக்கிறது (வணிகக் குறிக்கும் வடிவமைப்புக்கும் 6 மாதம்தான்). பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட உதவும் பி.சி.டி. (காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை) வழியில் போனால், எந்தெந்த நாடு என்ற முடிவைப் பொதுவாக 30 மாதம்வரை தள்ளிப்போடலாம். அதற்குள் பொருள் விலைபோகுமா என்பது தெரிந்துவிடும். பி.சி.டி. என்பது 'உலகக் காப்புரிமை' அல்ல. அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

என் கணக்கில் எல்லாவற்றையும்விட அதிகம் படுத்துவது 'காசு கொடுத்தாச்சு, அதனால் நம்முடையது' என்ற நினைப்பு. ஊழியர் தன் பணியில் செய்தது பொதுவாக நிறுவனத்துக்குச் சேரும். வெளியாள் எழுதிய மென்பொருளும் வரைந்த லோகோவும் பல நாடுகளில், உரிமையை எழுதிக் கொடுக்காதவரை, அவருடையதுதான். முதலீட்டாளர் வந்து கேட்கும் நாளில் பழைய ஃப்ரீலான்சரைத் தேடி அலைவதைவிட, வேலையைக் கொடுக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதி வாங்குவது எவ்வளவோ மேல். பில் மட்டும் போதாது.

வணிகக் குறியில் நடப்பது வேறு மாதிரி. கம்பெனிப் பெயரைப் பதிவு செய்தது பிராண்டுப் பெயருக்குப் பாதுகாப்பு ஆகாது. சரக்குக்கும் சேவைக்குமாக மொத்தம் 45 வகுப்புகள். பல நாடுகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். நீங்கள் உண்மையில் விற்கும் சரக்கு, சேவையின் வகுப்புகளுக்கு மட்டும் விண்ணப்பம் போடுங்கள். அதற்கு முன் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் இலவசத் தரவுத்தளத்தில் அந்தப் பெயரை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத செய்முறைக்குக் காப்புரிமை எதற்கு? விண்ணப்பம் 18 மாதத்தில் பொதுவெளிக்கு வந்துவிடும், உரிமையோ 20 ஆண்டில் முடிந்துவிடும். ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலையைவிட்டுப் போனவரின் பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறதென்றால், நீதிமன்றத்தில் அதை ரகசியம் என்று சாதிப்பது கஷ்டம்.

புதுப்பிப்பு நோட்டீஸ் வரும்போதெல்லாம் விற்பனைப் பிரிவை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்ட பொருளுக்குக் கணக்குப் பிரிவு இன்னும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கலாம்.