இரண்டு பேர் தகராறில் உங்களிடம் நியாயம் கேட்டால் என்ன செய்வது? பழைய கிரேக்கர்கள் காட்டிய வழி

முதலில் வந்தவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே நம் மனசு அவர் பக்கம் சாய்ந்துவிடும், அப்புறம் வருகிறவர் என்ன சொன்னாலும் சாக்குச் சொல்வது போலத்தான் தெரியும். ஏதென்ஸ் நீதிமன்றங்களில் இதைச் சமாளிக்க ஒரு மண்பானை வைத்திருந்தார்கள். அடிப்பக்கம் சின்னத் துளை. பேச ஆரம்பித்ததும் அடைப்பை எடுப்பார்கள், தண்ணீர் தீர்ந்தால் பேச்சை நிறுத்த வேண்டும், எதிர்த்தரப்புக்கும் அதே அளவு தண்ணீர். அகழாய்வில் கிடைத்த ஒரு பானை சுமார் 6.4 லிட்டர் பிடிக்கும், 6 நிமிடத்தில் காலியாகிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், தனிப்பட்ட வழக்குகளில் சாட்சியத்தையோ சட்டத்தையோ வாசிக்கும்போது துளையை அடைத்துவிடுவார்கள், அந்த நேரம் பேசுகிறவர் கணக்கில் சேராது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த குடிமக்களும் இரு தரப்பையும் சமமாகக் கேட்பதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த இடம் கிடையாது, அது பெரிய அநியாயம்தான். ஆனால் பானையின் நியாயம் நமக்கும் உதவும்.

ஆகவே போனில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது, நீங்களும்தான். ரசீதையோ பழைய செய்தியையோ தேடிக் காட்டச் சொன்னால் அந்த நேரத்தைப் பத்து நிமிடக் கணக்கில் சேர்க்காதீர்கள். இருவரும் முடிக்கும்வரை தலைகூட ஆட்டாதீர்கள்.

அடுத்தது விதி. சட்டம் பொதுவாகத்தான் பேச முடியும், நடப்பது எல்லாம் அதற்குள் அடங்காது என்றார் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில். லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர்களின் ஈய அளவுகோலை உதாரணம் காட்டினார், அது கல்லின் வளைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். விதியைப் போட்டவர் இப்போது இங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். தாமதமாக வந்தால் அனுமதி இல்லை என்பது விதி, வந்தவரோ வழியில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வருகிறார் என்றால் கோலை வளைக்கலாம். ஆனால் வளைக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்: உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் இதே காரணத்தோடு வந்திருந்தாலும் வளைத்திருப்பீர்களா? இல்லை என்றால் அது சலுகை, நியாயம் இல்லை.

சரி, இதெல்லாம் தெரிந்தும் அந்த நேரத்தில் செய்ய வராது. வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறார், நியாயமாக நடந்து நடந்துதான் நியாயமானவர் ஆக முடியும் என்பது அரிஸ்டாட்டிலின் பேச்சு. மோசமாகக் கட்டிப் பழகினால் மோசமான கொத்தனார் ஆவார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். நம் சாய்வு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, வளைந்த கம்பை நிமிர்த்துகிறவர்கள் செய்வது போல எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்கிறார். சத்தமாகப் பேசுகிறவருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிற ஆளா நீங்கள்? அடுத்த சில தடவைகள் அமைதியாக இருப்பவரை முதலில் பேசச் சொல்லுங்கள். அழுகிறவரைப் பார்த்ததும் இளகிவிடுவீர்கள் என்றால், முடிவை அன்றே சொல்லாமல் மறுநாள் காலையில் சொல்லுங்கள்.