பரணில் ரெக்கார்டுப் பெட்டி கிடைத்தால் முதலில் ஊசியைப் பாருங்கள்

வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டும் கூடவே ஒரு பழைய பிளேயரும் இறங்கினால், அந்தச் சந்தோஷத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பிளக்கைச் சொருகி, மேலே இருக்கிற தட்டை வைத்து, ஊசியை இறக்கிவிடுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஐம்பது வருஷம் தப்பிப் பிழைத்த தட்டில் தேய்ந்துபோன ஊசி ஒரே ஒரு தடவை ஓடினால்கூட பள்ளத்தின் சுவர் சிதைந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு கழுவினாலும் அந்தக் கரகரப்பு போகாது.

முதலில் தட்டுகளைப் பிரித்து வையுங்கள். கனமாக, வளையாமல், லேபிளில் 78 என்று போட்டிருந்தால் அது அரக்கில் செய்த பழைய தட்டு. கை தவறினால் உடைந்துவிடும். வளைந்துகொடுப்பவை வினைல். அதில் 7 அங்குலச் சின்னத் தட்டு பெரும்பாலும் 45 வேகம், பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு இருக்கும். 12 அங்குலம் என்றால் எல்பி, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. இந்தப் பிரிவினை எதற்கு என்றால், அரக்குத் தட்டின் பள்ளம் வினைலைவிட மூன்று மடங்கு அகலம், அதனால் இரண்டுக்கும் ஊசி வேறு. பழைய பிளேயர்கள் பலவற்றில் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்பி. ஊசி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் ஊசி பொருத்திய பிளேயரின் கையை இறக்கவே கூடாது.

தட்டின் நிலைமையைக் கண்ணாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். கருகருவென்று பளபளத்தால் நல்லது, சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருந்தால் கனமான ஊசியில் நிறைய ஓடியது. அப்புறம் நடு ஓட்டையைச் சுற்றி லேபிளைப் பாருங்கள். தட்டை வைக்கும்போது கம்பி உரசி உரசி விழுந்த மெல்லிய கோடுகள் தெரியும். அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு தடவை அந்தத் தட்டு மேடை ஏறியிருக்கிறது. லேபிளிலோ உறையிலோ ஏதாவது ஒரு சவுண்ட் சர்வீஸ் பெயர் முத்திரை குத்தியிருந்தால், அது கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட்டில் ஓடித் தேய்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படிப்பட்ட தட்டுகள் மேல் தனிப் பிரியம் உண்டு, ஒரு ஊரே கேட்ட தட்டு அது. ஆனால் சத்தம் சுத்தமாக வரும் என்று எதிர்பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

கழுவுவது சுலபம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் படிந்துவிடும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் போதும், அது உப்பு நீக்கியதுதான். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, லேபிளில் ஈரம் படாமல் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் இரண்டு மூன்று முறை செய்யவேண்டி வரும். பிறகு வெறும் பேட்டரித் தண்ணீரில் இன்னொரு தரம் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். வெயில் பட்டால் வினைல் நெளிந்துவிடும். அரக்குத் தட்டில் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் படவே கூடாது, கரைந்துபோகும்.

இப்போது பிளேயர். பல வருஷம் ஓடாத செட்டை நேராக மெயினில் சொருகாதீர்கள், உள்ளே மின்சாரம் தேக்கிவைக்கும் கண்டென்சர் காய்ந்திருக்கும். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இருந்தால் சீரீஸ் லாம்ப் (மின்சாரம் ஒரு பல்பு வழியாகவே உள்ளே போகும்படி இணைப்பது) போட்டுப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். ரெக்கார்டு வைக்கும் சுழல்மேடையைத் தூக்கினால் அடியில் ஒரு ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ இருக்கும். பெல்ட் தொய்ந்திருந்தால் மாற்றவேண்டியதுதான். சக்கரத்தை ஸ்பிரிட்டில் துடைக்கலாம், எண்ணெய் படக்கூடாது. சுழலும் அச்சில் மட்டும் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகிவிடும்.

வேகம் சரியா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. சுழல்மேடையின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, மூன்று நிமிஷம் எண்ணுங்கள். எல்பி வேகத்தில் சரியாக 100 சுற்று வரவேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பிளேயர் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜைக் குறைத்தாலும், ஏசி மோட்டார் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்துதான் சுற்றும், எஸ். ஜானகி குரல்கூட ஆண் குரல் மாதிரி இறங்கிக் கேட்கும். அதற்கு மோட்டார் புல்லியை மாற்றவேண்டும்.

எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி அந்தக்காலப் பெட்டி பிளேயர்கள் பார்க்க அவ்வளவு அழகு, அதன் சத்தத்துக்கு ஒரு வாசனையே உண்டு. ஆனால் அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம், ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும். இன்றைய மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் அளவில் ஓடிவிடும். அதனால் என் யோசனை இதுதான்: பெட்டி பிளேயரைப் பழுது பார்த்து, புது ஊசி போட்டு, ஏற்கெனவே தேய்ந்த தட்டுகளை அதில் கேளுங்கள். நல்ல நிலைமையில் இருக்கும் எல்பிக்களுக்கு, ஊசி அழுத்தும் எடையைத் திருகி வைக்க வசதியுள்ள ஒரு டர்ன்டேபிள் வாங்குங்கள். கையை முதலில் மிதக்கவிட்டு, எண் வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொல்லும் எடைக்குத் திருப்பவேண்டும். மேக்னெட்டிக்குக்கு, அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும் ஃபோனோ பிரீஆம்ப் தேவை, இல்லையென்றால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

பழைய பொருள்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. ஆனாலும் காரைக்குடி பழம்பொருள் கடைகளிலும் மும்பை சோர் பஜாரிலும் இன்றும் தட்டுகள் கிடைக்கின்றன. அங்கே பித்தளைக் கூம்பு வைத்த கிராமபோன்களும் இருக்கும், பல புதிதாகச் செய்து நாய்ப் படம் ஒட்டியவை. அசலோ நகலோ, அதில் வினைலை ஓட்டாதீர்கள். அதன் இரும்பு ஊசி 78 தட்டுக்கு மட்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி.

தட்டுகளைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவேண்டாம். உள்ளுறையைப் புதிதாக மாற்றுங்கள். வெளியுறை கிழிந்திருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள், யார் பாடியது, யார் எழுதியது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். வைர ஊசி என்றால் 500 மணி நேரம் ஓடியதும் ஒருமுறை கடையில் காட்டுங்கள்.