ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோ அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எந்த சாஃப்ட்வேரை ஏற்றப் போனாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். நாள் முழுக்க ஒரு பக்கம் பில், மறுபக்கம் எக்செல் என்று வைத்துப் பதிவு போடுகிறவர்களுக்கு இது இடைஞ்சல்தான். உடனே சிலர் விண்டோ அடுக்கும் குட்டி புரோகிராமைப் பென் டிரைவில் கொண்டுவருகிறார்கள். இன்ஸ்டால் செய்யாமல் ஓடுகிறது என்பதற்காக அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. வைரஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தயவுசெய்து வேண்டாம்.

அதற்குத் தேவையும் இல்லை. விண்டோஸ் கீயோடு இடது அல்லது வலது அம்பை அழுத்தினால் விண்டோ பாதித் திரையில் போய் உட்காரும். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதலே இந்த வசதி உண்டு. விண்டோஸ் 10இல், அதன்பின் விண்டோஸ் கீயை விடாமலே மேல் அம்பையோ கீழ் அம்பையோ அழுத்தினால் கால் திரை. விண்டோஸ் 11இல் விண்டோஸ் கீயும் இசட்டும் சேர்ந்தால் அடுக்கும் கட்டங்களே வந்து நிற்கும்.

அடுத்த தவறுதான் என்னை ரொம்ப வருத்துவது: காணாமல் போன விண்டோவுக்காக கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்வது. பக்கத்து சீட் அண்ணாச்சி மீட்டிங்கில் புரொஜெக்டரை மாட்டிவிட்டு வந்தார். "கீழ பட்டையில கிடக்கு தம்பி, கிளிக் பண்ணா வரமாட்டேங்கு" என்றார். நான் எழுந்து போவதற்குள் பவர் பட்டனை அமுக்கிவிட்டார். சேமிக்காத காலைப் பதிவு அத்தனையும் போனது.

புரொஜெக்டரைக் கழற்றிய பிறகும் விண்டோ அதன் பக்கமாகவே, நம் திரைக்கு வெளியே நின்றிருக்கும், அவ்வளவுதான். ஆல்ட்டும் டேபும் அழுத்தி அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆல்ட்டும் ஸ்பேஸும். சின்ன மெனு வரும். அதில் 'மூவ்' (Move) என்பதற்கு எம். அப்புறம் ஏதாவது ஒரு அம்பை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால், விண்டோ அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். வேண்டிய இடத்தில் கிளிக் செய்து விட்டுவிடலாம். மூவ் மங்கலாக இருந்தால் விண்டோ முழு அளவில் இருக்கிறது என்று பொருள். முதலில் 'ரீஸ்டோர்' (Restore) என்பதற்கான ஆர் அழுத்திச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எழுத்து சின்னதாகத் தெரிகிறதென்று ரெசல்யூஷனைக் குறைப்பதும் தவறு. எழுத்து மங்கும், இடமும் குறையும். டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேலை 125 சதவீதம் ஆக்கிப் பாருங்கள்.

இத்தனைக்கும் மேல் மூன்று நான்கு பாகமாக உங்கள் விருப்பப்படி பிரிக்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற புரோகிராம் இருக்கிறது. எந்த வேலைக்கு வேண்டும் என்று இரண்டு வரி எழுதி, கம்ப்யூட்டர் பிரிவிடம் அதைக் கேளுங்கள்.